பேராசிரியரின் கட்டைவிரலும் பதினாறு குரோமோசோமும்

போன மாதம் எங்கள் பழைய தாவரவியல் துறையிலிருந்து இரண்டு இளம் விரிவுரையாளர்கள் என்னைத் தேடி எங்கள் ஊரான உறுவையாற்றுக்கு வந்தார்கள். துறைக்குப் புது நுண்ணோக்கி வந்திருக்கிறதாம். கண்ணை வைத்துக் குனிய வேண்டாம், செல்கள் திரையிலேயே தெரியும், குரோமோசோமைக் கணினியே எண்ணிச் சொல்லிவிடும் என்றார்கள். “அப்ப பசங்க இன்னாப்பா பண்ணுவாங்க?” என்று கேட்டேன். பார்ப்பார்களாம். பிறகு, துறை மலருக்காக உங்கள் பணிக்காலத்தின் மிகக் கடினமான பிரச்சினையைப் பற்றி எழுதித் தாருங்கள் மேடம் என்று பணிவாகக் கேட்டார்கள். மரபணு, மூலக்கூறு என்று பெரிதாக ஏதோ எதிர்பார்க்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் சந்தித்த மிகக் கடினமான பிரச்சினை ஒரு பேராசிரியரின் வலது கால் கட்டைவிரல். மலரில் போட மாட்டார்கள் என்று தெரிந்தும் அதைத்தான் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போட்டவர். நான் தாவரவியல் படித்தேன், பிறகு சென்னைக்குப் போய் எம்.எஸ்சி., அதில் செல் உயிரியல் சிறப்புப் பாடம். மாலிக்யூலர் பயாலஜி என்றும் ஒரு தாள் இருந்தது. டி.என்.ஏ.வை எங்களுக்குக் கற்பித்தவர் அதைக் கண்ணால் கண்டதில்லை, நாங்களும் கண்டதில்லை. இரண்டு கலர் சாக்பீஸில் கரும்பலகையில் முறுக்கிக் காட்டுவார், டஸ்டரால் அழிப்பார், பாடம் முடிந்துவிடும். பரீட்சையில் நாங்களும் அதே மாதிரி முறுக்கி வைத்து பாஸ் செய்தோம். குரோமோசோமை மட்டும் சொந்தக் கண்ணால் பார்க்க முடிந்தது. அதனால் எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் வில்லியனூரைத் தாண்டி வயல்களுக்கு மத்தியில் ஒரு கல்லூரி முளைத்தது. கட்டடம் எழும்பும்வரை ஒரு பழைய நெல் கிடங்கில் நடத்தினார்கள். எங்கள் துறைக்குக் கிடங்கின் பின்பாதி. எங்கள் முதல் ஸ்லைடுகளில் குரோமோசோமைவிடத் தவிட்டுத் தூசி தெளிவாகத் தெரிந்தது. பூஞ்சை வளர்க்கக் காய்ச்சி வைத்த கூழை எலிகள் ஒரே ராத்திரியில் தின்றுவிட்டு, மறுநாளும் வந்து எதிர்பார்த்தன. அங்கே நான் டெமான்ஸ்ட்ரேட்டர். பிராக்டிகல் வகுப்பு நடத்துவது, சாயம் காய்ச்சுவது, ஸ்லைடு கழுவுவது, பேராசிரியர் “இத்யாதி” என்று சொல்லும் எல்லாவற்றையும் செய்வது என் வேலை.

வேலை நிரந்தரம் இல்லை. ஒரு வருடம் பார்ப்பார்கள். வருட முடிவில், இந்தப் பெண்ணின் வேலை திருப்தி என்று துறைத்தலைவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்கு. எங்கள் சர்ச்சின் பங்குப் பள்ளியில் தையல் டீச்சர் இடம் ஒன்று காலியாக இருந்தது, அம்மா அதற்குப் பங்குச் சாமியாரிடம் சொல்லியும் வைத்திருந்தாள். எனக்குச் சட்டைக்குப் பொத்தான் வைக்கக்கூட வராது. எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதையெல்லாம் விட, எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அந்தக் கையெழுத்தைத் தவிர அந்த வருடம் நான் வேறெதையும் நினைக்கவில்லை.

கையெழுத்துப் போட வேண்டியவர் அந்துவான் சார். புதுச்சேரி டவுன்காரர். பாரீசில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்து திரும்பியவர். சித்திரை வெயிலிலும் கோட்டுப் போடுவார். பையன்களைப் பிரெஞ்சு மரியாதையில் “முசே” என்பார், என்னை “மத்மொசேல்” என்பார். உச்சபட்சப் பாராட்டு “பா மால்”. பரவாயில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை. அவருடைய கல்யாணத்தின்போது மனைவியைப் பார்த்தும் அதையே சொல்லியிருப்பார் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள்.

அவர் திட்டமாட்டார். திட்டினால்கூடத் தேவலை. நாம் ஸ்லைடு செய்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று மூக்குக்குள் ஏதோ பாட்டு முனகுவார். முடிந்ததும் நுண்ணோக்கியில் ஒரு கண் வைப்பார். பிறகு ஸ்லைடை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து எடுத்து, குப்பைக்கு வைத்திருந்த பிஸ்கட் டின்னுக்கு மேலே கொண்டுபோய் விடுவார். கண்ணாடி விழும் சத்தம் கேட்கும். அவர் அடுத்த மேசைக்குப் போயிருப்பார். அந்த வருடம் அந்த டின்னை நிரப்பியதில் பெரும் பங்கு என்னுடையது.

நாங்கள் செய்த காரியம் இதுதான். வெங்காயத்தின் அடியிலுள்ள காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, அடி மட்டும் தண்ணீரில் படும்படி ஒரு பாட்டில் வாயில் உட்கார வைக்க வேண்டும். மூன்றாம் நாள் வெள்ளை வேர் விடும். காலையில் வெயில் ஏறுவதற்குள் வேர் நுனிகளை நறுக்கிக் கோல்சிசின் என்ற மருந்துக் கரைசலில் மூன்று மணி நேரம் போட வேண்டும். பிறகு ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒரு நாள். மறுநாள் வேறொரு அமிலத்தில் லேசாகச் சூடு காட்டினால் நுனி மெத்தென்று ஆகிவிடும். அதற்குப் பின் கார்மைன் சாயம். துருப்பிடித்த இரும்பு கொஞ்சம் பட்டால்தான் அந்தச் சாயம் ஏறும். அதற்காகக் கிடங்கின் பழைய கதவிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கி வைத்திருந்தேன். கடைசியாக மெல்லிய கண்ணாடி வில்லையால் மூடி, பென்சிலின் பின்பக்கத்தால் தட்டி, ஒற்றுத்தாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் செல்கள் உருண்டு போய்விடும்.

இதில் கோல்சிசின்தான் உயிர்நாடி. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கும். நுண்ணிய இழைகள் அவற்றை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். கோல்சிசின் அந்த இழைகளை உருவாகவிடாது. இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் நின்ற இடத்திலேயே குட்டையாகி, தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும். நிதானமாக எண்ணலாம். வெங்காயத்துக்குப் பதினாறு. மருந்து வேலை செய்யாவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அமுக்கிய இடியாப்பம் மாதிரி தெரியும்.

அந்த மருந்து எங்களிடம் ஒரே ஒரு பாட்டில். பழுப்புக் கண்ணாடி, மேலே பிரெஞ்சு எழுத்து. அந்துவான் சார் பாரீசிலிருந்து கொண்டுவந்தது. அது மரபீரோவுக்குள் இருந்தது, பீரோச் சாவி அவர் கோட்டுப் பையில் இருந்தது. யார் வந்தாலும் பீரோவைத் திறந்து பாட்டிலைக் காட்டி, உடனே பூட்டிவிடுவார். தேவைப்படும்போது அவரே ஒரு சிட்டிகை எடுத்து, தாளில் மடித்து, பூசாரி விபூதி கொடுப்பதுபோல் என் கையில் போடுவார். வெளிர்மஞ்சள் பொடி.

செப்டம்பரில் தொடங்கி ஆறு மாதம் அந்தப் பொடியைக் கரைத்தேன். ஆறு மாதமும் இடியாப்பம்தான். மார்ச்சில் முதல் பேட்ச் மாணவர்களுக்கு பிராக்டிகல் பரீட்சை. வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வருவார். எண்ணக்கூடிய ஒரு செல்லையாவது ஒவ்வொருவரும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவர்கள் ஃபெயில், அவர்களோடு நானும் ஃபெயில். நேரத்தை மாற்றினேன், அமிலத்தை மாற்றினேன், வெங்காயத்தை மாற்றினேன். வில்லியனூர் சந்தையில் வெங்காயக்காரர் என்னைக் கண்டாலே “போன வாரம் வாங்குனதுல இன்னாம்மா கொற?” என்று முன்கூட்டியே கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் அந்துவான் சார் வாயைத் திறந்தார்.

“மத்மொசேல், உங்க கை கரும்பு வெட்டற கை. செல்லுக்கு ஆகாது.”

அதை அவர் கோபமில்லாமல், மருத்துவர் நோயைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் ரசாயன அறைக்குள் போய் அழுதேன். அழுதுமுடித்துக் கையைப் பார்த்தேன். நிஜமாகவே கரும்பு வெட்டிய கைதான், விடுமுறைக்கெல்லாம் வெட்டியிருக்கிறேன். அவர் சொன்னது சரியாக இருக்குமோ என்று பயந்ததுதான் எனக்கு அதிக வலி.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அட்டெண்டர் பெருமாள் என் மேசையருகே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயசுக்காரர். கிடங்கில் நெல் இருந்த காலத்திலேயே அங்கே காவலுக்கு இருந்தவர்.

“டீச்சரம்மா, இது விஷம்னுதானே சொன்னீங்க?”

“ஆமா, இன்னாத்துக்கு?”

“எறும்பு மொய்ச்சிக்கினு கீதே!”

வேர் நுனி ஊறிய கண்ணாடித் தட்டைச் சுற்றி எறும்பு. சுவரிலிருந்து மேசைவரை ஒரே வரிசை. தட்டின் விளிம்பில் குனிந்து குடித்துவிட்டு, எதிரே வருகிறவர்களிடம் சேதி சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கோல்சிசின் கடுங்கசப்பு. எந்த எறும்பும் கிட்டே வராது. நான் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. இத்தனை மாதமும் அதைப் பழைய மருந்தின் கசடு என்று நினைத்திருந்தேன். விரலால் தொட்டு முகர்ந்தேன். மஞ்சள்தூள்.

“பாட்டில்ல இருந்தத யார்னா எடுத்தாங்களா பெருமாளு?”

அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “எங்கிட்ட எதுக்கும்மா கேக்கற? சாருக்குக் கால் கட்டவெரலு வீங்கும், பாத்திருக்கியா? அன்னிக்குக் கதவ சாத்திக்கினு பீரோவத் தெறப்பாரு. ரெண்டு நாள்ல ஷூ மாட்டிக்கினு வந்துடுவாரு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

எனக்கு அது போதும். கோல்சிசின் கீல்வாதத்துக்குப் பழைய மருந்து. கட்டைவிரல் வீங்கும் வகைக்கு அதைக் கொடுப்பார்கள். டாக்டரிடம் போனால் முதலில் கறியை நிறுத்து, ஒயினை நிறுத்து என்பார். அந்துவான் சார் இரண்டையும் நிறுத்தும் ரகமில்லை. டாக்டருக்குத் தெரியாமல் துறையின் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே அளந்து சாப்பிட்டிருக்கிறார். தீர்ந்ததும் குளுக்கோஸில் மஞ்சளைக் கலந்து பாட்டிலை நிரப்பிவிட்டார். ஆறு மாதமாக நான் வெங்காயத்துக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தனை மாத இடியாப்பத்துக்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

முதல்வரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்துவான் சாருக்கு அவமானம், எனக்குக் கையெழுத்து இல்லை. சொல்லாவிட்டால் மருந்தில்லை, பரீட்சை போச்சு, அப்போதும் கையெழுத்து இல்லை. எப்படிப் பார்த்தாலும் தையல் டீச்சர். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எங்கள் கொல்லை வேலி நினைவுக்கு வந்தது. கார்த்திகை மாதத்தில் அந்த வேலியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் கண்வலிக் கிழங்குக் கொடி. அந்தக் கிழங்கிலும் கோல்சிசின்தான் இருக்கிறது. புத்தகத்தில் ஒரே ஒரு வரி வரும், சென்னையில் படித்தபோது அடிக்கோடிட்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. கொடி எப்போதோ பட்டுப்போயிருந்தாலும் இடம் எனக்குத் தெரியும். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய்த் தோண்டினேன். இரண்டு கிழங்கு எடுத்து முறத்தில் வைத்தபோது அம்மா வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் அந்த விஷக் கிழங்கை ஒரு பெண் தோண்டினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

“அடியே மேரி! இன்னாடி நோண்டற?”

“கெழங்கும்மா.”

“அது தெரியுதுடி! கீழ போடுடி அத! ஐயோ, எம் பொண்ணு... வேல போனா போவட்டும்டி! தையல் வேணான்னா வேணாம், வூட்லயே குந்துடி! எங்கள வுட்டுட்டுப் போவாதடி!”

அரைத்தெரு கூடிவிட்டது. நான் கையில் மண்ணோடு நின்றுகொண்டு, “எனக்கு இல்லம்மா, வெங்காயத்துக்கு” என்றேன்.

“வெங்காயத்துக்கு இன்னாடி கஷ்டம்?” என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

எவ்வளவு விளக்கியும் அவள் நம்பவில்லை. கிழங்கைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். திங்கட்கிழமை அவளும் கல்லூரிக்கு வருவாள், அது வெங்காயத்துக்குத்தான் போகிறதா என்று கண்ணால் பார்ப்பாள். அப்படித்தான் என் துறைக்குள் அம்மா முதல்முறையாக நுழைந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, நான் சாறு எடுப்பதையும், வேர் நுனிகளை அதில் போடுவதையும் கண்கொட்டாமல் பார்த்தாள். சாறு எடுத்த விதத்தை இங்கே எழுத மாட்டேன். படிக்கிறவர்களில் யாருக்கு என்ன கால்வலியோ. மூன்று மணி நேரமும் அவள் அந்தத் தட்டைவிட்டு நகரவில்லை. சாறு எனக்கு இல்லை என்று உறுதியான பிறகுதான் பெருமாள் வாங்கி வந்த டீயைக் குடித்தாள்.

மறுநாளும் வந்தாள். இப்போது சந்தேகத்தால் இல்லை, வெங்காயத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான். நான் சாயமேற்றி, வில்லையை மூடி, தட்டி, அழுத்தி, நுண்ணோக்கியில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனேன். ஒரு செல் வந்தது. உள்ளே குட்டைக் குட்டையாக, கருஞ்சிவப்பாக, ஒன்றையொன்று தொடாமல் இறைந்து கிடந்தன. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெருமாள் ஓடிவந்தார். அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பிறகு சம்பள உயர்விலும் வரவில்லை, பதவி உயர்விலும் வரவில்லை.

அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

“புழு மாறி கீதே. எத்தினி இருக்கணும்?”

“பதினாறு.”

உதடு அசைய எண்ணினாள். “பதினஞ்சுதாண்டி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கண்ணை எடுக்காமலே மறுபடி எண்ணினாள். “இரு, இரு. ஓரத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குது. பதினாறுதான், போ.”

அந்த நேரத்தில்தான் அந்துவான் சார் உள்ளே வந்தார். “இவங்க யாரு?” என்றார். அம்மா என்றேன். அம்மா எழுந்து இடம் விட்டாள். அவர் குனிந்து பார்த்தார். மூக்குப் பாட்டு தொடங்கி, பாதியில் நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். பிஸ்கட் டின் பக்கம் அவர் கை போகவில்லை.

“பா மால்” என்றார்.

“சார், இது உங்க பாட்டில் மருந்து இல்ல” என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கோட்டு ஓரத்தில் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார். எது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பியிருப்பேன்.

“பரீட்சைக்கும் இதையே வெச்சுக்குங்க. யார் கேட்டாலும் கோல்சிசின்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே?” என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் இல்லைதான். அதில்தான் அவர் கெட்டிக்காரர்.

வியாழக்கிழமை பரீட்சை. எக்ஸ்டர்னல் கடலூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பே வராத முகம். வரிசையாக நுண்ணோக்கிகளில் கண் வைத்துக்கொண்டே போனார். எல்லாவற்றிலும் பதினாறு. நான்காவது மேசையில் பாகூர்ப் பையன் ஜெகதீசன். நல்ல பையன், ஆனால் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடும் வியாதி அவனுக்கு உண்டு.

“கோல்சிசின் எதிலிருந்து கிடைக்குது?” என்று கேட்டார் எக்ஸ்டர்னல்.

“உறுவையாறு மிஸ் வூட்டு வேலியிலருந்து சார்.”

பையன் கிண்டல் செய்கிறான் என்று எக்ஸ்டர்னல் நினைத்துவிட்டார். முகம் சிவந்துபோய் அந்துவான் சாரைப் பார்த்தார். அந்துவான் சார் கூரையில் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நான் முன்னால் போய், கண்வலிக் கிழங்கு சார், நம்ம ஊர் செடிதான், அதே மருந்து என்றேன். வழக்கமான பாட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர் கேட்கவில்லை. மறுபடி குனிந்து ஜெகதீசனின் ஸ்லைடைப் பார்த்தார்.

“எங்க டிபார்ட்மெண்ட்ல மூணு வருஷமா மருந்தே வரலம்மா” என்றார் மெதுவாக. “மருந்து கேட்டு இண்டெண்ட் போட்டுப் போட்டு அலுத்துட்டோம். ஒரு கெழங்கு குடுப்பீங்களா?”

எல்லோரும் பாஸ். எக்ஸ்டர்னல் மஞ்சள் பையில் என் கிழங்கைப் போட்டுக்கொண்டார். அந்துவான் சார் அவரை வீட்டுக்கு அழைத்துப்போய் விருந்து வைத்தார். ஈரல் வறுவல், மூளைப் பொரியல், பாரீசிலிருந்து வந்த ஒயின் என்று கூடப்போன பெருமாள் வந்து வரிசையாகச் சொன்னார். எக்ஸ்டர்னல் சைவமாம். அதனால் அவர் பங்கையும் சாரே சாப்பிட்டாராம்.

சனிக்கிழமை மதியம் என்னைத் துறைத்தலைவர் அறைக்கு வரச் சொன்னார்கள். அந்துவான் சார் நாற்காலியில் இருந்தார். வலது கால் ஒரு ஸ்டூல்மேல், துண்டு சுற்றி. கட்டைவிரல் மட்டும் வெளியே தெரிந்தது, கத்திரிக்காய் நிறத்தில். துண்டின் ஓரம் காற்றில் ஆடி விரலில் பட்டதற்கே அவர் முகம் கோணியது. மேசைமேல் என் தாள். திங்கட்கிழமைக்குள் அலுவலகத்துக்குப் போக வேண்டிய தாள். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

“உக்காருங்க மத்மொசேல். உங்களுக்குத் தெரியும், இல்லையா?”

“தெரியும் சார்.”

“அப்ப சுத்தி வளைக்க வேணாம். அந்தச் சாறு மிச்சம் இருக்குதுன்னு பெருமாள் சொன்னான்.”

“அது வெங்காயத்துக்கு சார்.”

“நான் டோஸ் கணக்குப் போட்டுக்குவேன். ரெண்டு வருஷம் போட்டிருக்கேன்.”

“பாட்டில்ல இருந்தது சுத்தமான மருந்து. எவ்ளோ எடுக்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. இந்தக் கெழங்குல எவ்ளோ இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ஒரு கெழங்குக்கு ஒரு கெழங்கு மாறும். கொஞ்சம் கூடிப்போனா ஆளு பொழைக்க மாட்டாங்க சார். எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க.”

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிதான். ஆனால் அவர் கண்ணில் தண்ணீரைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றித் தாளின்மேல் வைத்தார்.

“நான் இப்பவே கையெழுத்துப் போடறேன். நீ போய் அந்த பீக்கரைக் கொண்டா.”

பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன். பத்துச் சொட்டு கொடுத்தால் என்ன ஆகிவிடும்? அவர் படித்தவர், தானே கேட்கிறார், என்மேல் யாரும் பழி போட முடியாது. தாள் என் கையிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. ஆறு மாதம் இந்த மனிதரால் அழுதிருக்கிறேன். எழுந்து போய் ரசாயன அறையிலிருந்து பீக்கரை எடுத்து வந்தேன். அவர் முகம் மலர்ந்தது. அறை மூலையில் தீயணைப்புக்கு வைத்திருந்த மணல் வாளி இருந்தது. அதற்கு மேலே கொண்டுபோய்க் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விடாமல் மணலில் இறங்கிவிட்டது.

அவர் பிரெஞ்சில் என்னவோ கத்தினார். மத்மொசேல் என்ற மரியாதையெல்லாம் அதில் இல்லை. எனக்கும் கோபம் வந்துவிட்டது.

“நீங்க செத்துப்போய்ட்டா எனக்கு யாரு சார் கையெழுத்து போடறது?” என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் என்னைப் பார்த்தார், மணல் வாளியைப் பார்த்தார். பிறகு தாளை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“டாக்டரைக் கூப்பிடச் சொல்லு” என்றார்.

நான் பெருமாளை சைக்கிளில் அனுப்பினேன். டாக்டர் வந்து பார்த்து, இதயமும் சரியில்லை என்று சொல்லி, காரில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். திங்கட்கிழமை என் தாளை அலுவலகத்தில் கொடுத்தேன். அன்று சாயங்காலமே திரும்பி வந்தது. வலியில் கை நடுங்கியிருக்கிறது, மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, துறைத்தலைவர் குணமான பிறகு புதிதாக வாங்கிச் சமர்ப்பிக்கவும் என்று மேலே எழுதியிருந்தார்கள்.

அன்றிலிருந்து தினமும் வில்லியனூரில் பஸ் மாறும்போது மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். மாதாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. “கையெழுத்து முடியறவரைக்கும் அவரை வெச்சிருங்கம்மா” என்று நேராகவே கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல சேதியும் வரும், கெட்ட சேதியும் வரும். சேதியைப் பொறுத்து மெழுகுவர்த்தியின் எண்ணிக்கை கூடும்.

ஒன்பதாம் நாள் அந்துவான் சார் செருப்புக் காலோடு துறைக்கு வந்தார். கோட்டு உடம்பில் தொங்கியது. நான் நீட்டிய புதுத் தாளில் கையெழுத்துப் போட்டார். சுழிகூட மாறாத கையெழுத்து. அலுவலகத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். நான் நிரந்தரம். இனி அந்த மனிதரால் எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை.

சாயங்காலம் வில்லியனூரில் இறங்கினேன். உறுவையாற்று பஸ் நின்றுகொண்டிருந்தது, உட்கார இடமும் இருந்தது. ஏறாமல் கோயிலுக்குப் போனேன். இதற்கு மேல் எதற்கு என்று எனக்கே எரிச்சலாக இருந்தது. அந்தக் கத்திரிக்காய் விரலும் அவர் கண்ணில் நின்ற தண்ணீரும் மனதைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, “இது கையெழுத்துக்கு இல்லம்மா” என்று மாதாவிடம் சொன்னேன். வெளியே வந்து பார்த்தால் பஸ் போய்விட்டிருந்தது.